அட்டை தெரிகிற மாதிரி

சொந்தக் காசில் புத்தகம் போட்டு, அதைத் தாமே பையில் தூக்கிக்கொண்டு கடைக்கு வருகிற எழுத்தாளர்களை எனக்கு வாசலிலேயே தெரிந்துவிடும். மற்றவர்கள் உள்ளே நுழைந்ததும் புத்தகங்களைப் பார்ப்பார்கள். இவர்கள் என் முகத்தைப் பார்ப்பார்கள். அடுத்து, அலமாரியில் எங்கே இடம் காலியாக இருக்கிறது என்று பார்ப்பார்கள். கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்கு எதிர்ச் சந்தில் இருக்கும் என் கடையில் காலி இடம் என்று ஒன்று இருந்ததே இல்லை. முன்பக்கம் முழுக்கப் பள்ளிக்கூட நோட்டு, கைடு, போட்டித் தேர்வுப் புத்தகம், பேனா, கலர் பென்சில். கடையைக் காப்பாற்றுவது அவைதான். பின்சுவரோரம் நிற்கும் கதைப் புத்தக அலமாரிகள் என் பிடிவாதத்துக்காக நிற்பவை. "அத எடுத்துட்டு ஜெராக்ஸ் மிஷினு போட்டா..." என்று என் வீட்டுக்காரர் ஆரம்பிக்கும்போதெல்லாம் நான் எழுந்து தூசி தட்டப் போய்விடுவேன்.

புத்தகம் கொடுத்துவிட்டுப் போன எழுத்தாளர்கள் திரும்பி வந்தால் கேட்பது ஒரே கேள்வி: எவ்வளவு போச்சு? அவர் ஒருவர்தான் அதைக் கேட்டதே இல்லை. வந்து நிற்பார். துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொள்வார். "யாராச்சும் எடுத்துப் பாத்தாங்களாம்மா?" என்பார். பார்த்தார்கள் என்றால், "ஆம்பளையா, பொம்பளையா?" பொம்பளை என்றால், "இன்னா வயசு இருக்கும்?" அவர் வருவது நின்று நாளாகிவிட்டது. ஆனால் யாராவது என்னிடம் வந்து விற்பனையைக் கேட்டால், அவருடைய கேள்விதான் எனக்குக் காதில் விழுகிறது.

ஊரில் அவரைக் கரும்பு சார் என்பார்கள். சர்க்கரை ஆலையில் கரும்பு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்தக் கொல்லையில் எப்போது கரும்பு வெட்டலாம் என்று ஆலை கொடுக்கிற கட்டிங் ஆர்டர் அவர் கை வழியாகத்தான் விவசாயிகளுக்குப் போகும். கரும்பு முற்றிக் காய்ந்துகொண்டிருக்கும், ஆர்டர் வராது. வடக்கனந்தல் பக்கம் அவருடைய வண்டிச் சத்தம் கேட்டால் ஆட்கள் வரப்பில் இறங்கி ஓடி வருவார்களாம். என் மாமனாரே அவர் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நடந்தவர். அடுத்தவரைக் காக்க வைத்தே பழகிய அந்த மனிதர், ஜூன் மாதத்து நோட்டுக் கூட்டம் கலையும்வரை என் கடையில் ஒரு ஓரமாகத் துணிப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். அதுதான் அவரை நான் முதலில் பார்த்தது. பார்க்கவே சங்கடமாக இருந்தது.

சங்கடத்துக்காகப் புத்தகத்தை வாங்கி வைத்துவிட முடியாது. கல்யாணப் பத்திரிகையும் கண்ணீர் அஞ்சலியும் அடிக்கிற அச்சகத்தில் அடித்த புத்தகம். நடுவில் பின் அடித்து மடித்திருந்தார்கள். முதுகு கிடையாது. அலமாரியில் நிறுத்தினால் இரண்டு புத்தகங்களுக்கு நடுவே காணாமல் போய்விடும். விலையும் போடவில்லை. பத்திரிகைக்கு யார் விலை போடுவார்கள்? அச்சகக்காரருக்கு அது தோன்றவே இல்லை.

"சார், இத வெச்சா சும்மா குடுக்கற நோட்டீஸுன்னு எடுத்துக்கினு போய்டுவாங்க," என்றேன். "பின்னு அடிக்காம ஒட்டி, முதுகுல பேரு வர மாரி பண்ணணும். வெல போடணும். பின்னட்டையில ஐஎஸ்பிஎன் நம்பரு வேணும். அது இல்லாட்டி பெரிய கடைங்கள்ல கம்ப்யூட்டர்லயே ஏத்த மாட்டாங்க. வித்தா எங்க கமிஷன் போவ மிச்சம் உங்களுது. விக்கலன்னா நீங்களே திருப்பி எடுத்துக்கணும். ஓரம் மடங்கிப்போச்சின்னு சண்டைக்கி வரக் கூடாது."

வழக்கமாக இந்த இடத்தில் ஆட்கள் கோபித்துக்கொள்வார்கள். எழுத்துக்கு மரியாதை இல்லாத ஊர் என்பார்கள். அவர் தலையை மட்டும் ஆட்டினார். "முதுகு, வெல, நம்பரு," என்று தனக்குள் சொல்லிக்கொண்டே படி இறங்கினார்.

மழைக்காலம் முடிந்து வந்தபோது எல்லாவற்றையும் புதிதாக அடித்துக்கொண்டு வந்திருந்தார். நான் சொன்ன ஒன்றுகூட விடுபடவில்லை. பழையதை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். "தூக்கிப் பரண்ல போட்டேம்மா. அது ஆவாது," என்றார். அட்டையில் ஒரு கரும்புக் கொல்லை. தோகைகளுக்கு நடுவே இருந்து ஒரு மிருகம் எட்டிப் பார்த்தது. மேலே பெரிதாக, 'நரி இன்னா ஆச்சு?'

"நாய் மாரி கீது சார்," என்றேன். எனக்கு வாய் சும்மா இருக்காது.

"நாந்தான் வரைஞ்சேன். அவளுக்குத் தெரியும் அது நரின்னு."

எவளுக்கு என்று நான் கேட்பதற்குள் அவர் அலமாரிக்குப் போய்விட்டார். "அட்ட தெரியற மாரி வைங்கம்மா," என்றார்.

கடை நடத்துகிறவர்களுக்குத்தான் அந்த வார்த்தையின் கனம் தெரியும். முதுகு காட்டி நிற்கிற புத்தகத்துக்கு ஒரு விரல் இடம் போதும். அட்டை காட்டி நிற்கிற புத்தகம் நாலைந்து புத்தகங்களின் இடத்தை அடைத்துக்கொள்ளும். அந்த இடத்தை வேகமாகப் போகிற புத்தகத்துக்குத்தான் கொடுப்போம்.

"முதுகு இல்லன்னீங்க, போட்டுக்கினு வந்துட்டேன். இப்ப முதுகு தெரிய வேணாம்ன்றேன், அட்ட தெரியட்டும்."

"உங்க புஸ்தகத்துக்கு மட்டும் இன்னா சார் ராஜ மரியாத?"

அவர் அட்டையைத் துண்டால் ஒரு முறை துடைத்தார். பிறகு சொன்னார்: "எம்பொண்ணு வருவாம்மா. எப்பனாலும் வருவா. வந்தா அவ கண்ணுல படணும். உங்க கடைக்கி வந்துக்கினு இருந்தவதான். சுருட்ட முடி. நின்னுக்கினே முழுப் புஸ்தகத்தையும் படிச்சிட்டு வாங்காம வந்துடுவாளாம். நீங்க திட்டுவீங்கன்னு வூட்ல வந்து சொல்லிச் சிரிப்பா."

அந்தப் பெண்ணை எனக்கு நன்றாகத் தெரியும். கல்லூரிப் பேருந்து வரும்வரை பின் அலமாரிப் பக்கம் நின்று படிப்பாள். "இது இன்னா லைப்ரரியா?" என்பேன். "இன்னும் ஒரு பக்கந்தாங்கா," என்பாள். அவள் முகத்தை நான் கடைசியாகப் பார்த்தது என் கடையின் பக்கச் சுவரில். ஒரு காலையில் கடை திறக்க வந்தபோது ஒட்டியிருந்தது. கண்ணீர் அஞ்சலி. மேலே சிலுவை, நடுவில் அவள் படம், கீழே 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்'. நான் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே அழுதேன். அன்று கடை திறக்கவில்லை. மறுநாள் அவளோடு படித்த பெண் ஒருத்தி வந்து, "அக்கா, அவ உயிரோடதான் கீறா. மலைக்காரப் பையனோட கல்யாணம் பண்ணிக்கினு வெள்ளிமலைக்கிப் போய்ட்டா. அவங்கப்பா ஒட்டினது," என்றாள். அதற்கு மேல் எனக்குப் பொறுக்கவில்லை. வாளித் தண்ணீரை அடித்து, இரும்பு ஸ்கேலால் அந்தச் சுவரைச் சுரண்டினேன். முகம் மட்டும் சீக்கிரம் வரவில்லை.

"அது நீங்கதானா சார்?"

"நாந்தான்."

இந்த ஊர்ப் பக்கம் இது புதிதல்ல. பெண் தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டால், செத்துவிட்டாள் என்று போஸ்டர் அடித்து ஒட்டிவிட்டுத் தலை முழுகுகிறவர்கள் எல்லாச் சாதியிலும் எல்லா மதத்திலும் இருக்கிறார்கள். இருக்கிறார்கள் என்று தெரிந்திருப்பது வேறு. அப்படி ஒட்டிய ஆள் எதிரில் நின்று, அலமாரியில் இடம் கேட்பது வேறு.

"கையெடுத்துக் கும்பிடறேன் சார். எடுத்துக்கினு போய்டுங்க. இந்தக் கடையில இதுக்கு எடம் இல்ல," என்று நான் கத்தியதில், கைடு புரட்டிக்கொண்டிருந்த இரண்டு பிள்ளைகள் வெளியே போய்விட்டார்கள்.

அவர் போகவில்லை. பதிலுக்குச் சத்தமும் போடவில்லை. "அன்னிக்கி போஸ்டர் ஒட்டறப்ப ஒரு சொவத்துக்காரன்கிட்டயும் கேக்கலம்மா," என்றார். "உளுந்தூர்பேட்டையிலேந்து மல மேல வரைக்கும் ஒட்டினேன். ஒருத்தன் ஏன்னு கேக்கல. இன்னிக்கி ஒரு புஸ்தகம் வைக்க ஒவ்வொரு கடையா நின்னுக்கினு கீறேன்."

அவருடைய மனைவி இறந்த கதையையும் அன்றுதான் சொன்னார். மகளுக்கு அடித்த அதே அச்சகத்தில்தான் மனைவிக்கும் போஸ்டருக்குச் சொன்னாராம். வருந்துகிறவர்கள் பெயர்களை எழுதிக் கொடுக்கும்போது மகள் பெயரை முதலில் எழுதினார். அச்சகக்காரர் படித்துவிட்டு, மெதுவாக, "சார், இவங்களுக்கு நாமளே அடிச்சிட்டமே," என்றார். அந்த அம்மாவைப் பெண் இல்லாமலே புதைத்தார்கள். மகளுக்குச் சொல்லி அனுப்ப ஒரு நம்பர்கூட அவரிடம் இல்லை. மலையிலும் அவள் இல்லை. போஸ்டர் அங்கேயும் வந்ததும் இருவரும் எங்கேயோ போய்விட்டார்கள். திருப்பூர் என்றார்கள், பெங்களூர் என்றார்கள், சென்னை என்றார்கள்.

"பேப்பர்ல வெளம்பரம் குடுக்கலாமே சார்," என்றேன். கோபம் போகவில்லை. ஆனாலும் கேட்டேன்.

"குடுத்தா ஊரே பாக்கும். மறுபடியும் அவள ஊரு முன்னாடி நிறுத்தணுமா? புஸ்தகம்னா எடுத்துப் பாக்கறவங்கதான் பாப்பாங்க. எந்த ஊர்ல இருந்தாலும் புஸ்தகக் கடைய பாத்தா அவ நொழையாம போவ மாட்டாம்மா. எனக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான்."

புத்தகத்தை நான் வைத்துக்கொண்டேன். அட்டை தெரிகிற மாதிரியே வைத்தேன். அவருக்காக என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அவர் போன பிறகு படித்தேன். மெல்லிய புத்தகம்தான். மகள் சிறுமியாக இருந்தபோது வண்டியின் முன்னால் உட்கார வைத்துக் கரும்புக் கொல்லைகளுக்குக் கூட்டிப்போவாராம். அப்போது சொன்ன கதை. கொல்லையை நான்கு பக்கமும் வெட்டிக்கொண்டே வருகிறார்கள். உள்ளே இருக்கும் நரி நடுவே நகர்ந்து நகர்ந்து கடைசிப் புதருக்குள் போய்விடுகிறது. சுற்றிலும் ஆட்கள் கழியோடு நிற்கிறார்கள். இந்த இடம் வந்ததும் மகள், "நரி இன்னா ஆச்சுப்பா?" என்பாள். "நாளைக்கிச் சொல்றேன்" என்பார். நிஜத்தில் அங்கே என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும். அடித்துவிடுவார்கள். அதைக் குழந்தையிடம் எப்படிச் சொல்வது? நாளைக்கு, நாளைக்கு என்றே அவள் வளர்ந்துவிட்டாள். புத்தகத்தில் கடைசிப் பக்கம் இருந்தது. ஆபீசர் வண்டியில் வந்து இறங்குகிறார். இன்றைக்கு வெட்டு நிறுத்தம், எல்லாரும் வீட்டுக்குப் போங்கள் என்கிறார். ஆட்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடக்கிறார்கள். ஆபீசரும் திரும்பிப் பார்க்காமல் போகிறார். காலையில் புதர் காலியாக இருக்கிறது. நரி எந்தப் பக்கம் போனது என்று யாரும் பார்க்கவில்லை.

கதை பரவாயில்லை. நடை கொஞ்சம் ஆலைக் கடிதம் போல இருந்தது. அதையும் அவரிடம் சொன்னேன். அவருக்கு அது காதிலேயே விழவில்லை. "அட்ட வெயில்ல வெளுக்குதும்மா, கொஞ்சம் உள்ள தள்ளி வைங்க," என்றார்.

வாரம் தவறாமல் வருவார். தூசி தட்டுவார். யாராவது எடுத்துப் பார்த்துவிட்டு முதுகு தெரிய வைத்திருந்தால் உடனே திருப்பி அட்டை தெரிய நிறுத்துவார். பக்கத்தில் இருக்கும் பெரிய எழுத்தாளர்களை ஒரு விரலால் ஒதுக்குவதும் உண்டு. "சார், இந்த அலமாரிக்கிச் சோறு போடறவங்க அவங்கதான்," என்பேன். அசட்டுச் சிரிப்புச் சிரித்துவிட்டுக் கையை எடுத்துக்கொள்வார். நான் திரும்பியதும் மறுபடி ஒதுக்குவார்.

என் கடையோடு நிற்கிற ஆளாக இருந்தால் பரவாயில்லை. அவள் எந்த ஊரில் இருக்கிறாளோ, எல்லா ஊர்க் கடையிலும் புத்தகம் இருக்க வேண்டும் என்றார். சேலத்தில் ஒரு கடைக்காரர், "போயிட்டு அடுத்த வருஷம் வாங்க," என்றார். சென்னையில் பெரிய கடையில் ஆசிரியரிடம் நேராக வாங்க மாட்டோம், விநியோகஸ்தர் மூலமாக வாருங்கள் என்றார்கள். விநியோகஸ்தரைத் தேடிப் பிடித்தால், ஒரே ஒரு புத்தகம் போட்டவர்களை எடுத்துக்கொள்வதில்லை, இன்னும் நாலு எழுதிக்கொண்டு வாருங்கள் என்றார்.

"என்கிட்ட கீறது ஒரே கததாம்மா," என்று என்னிடம் வந்து சொன்னார். அப்போது அவர் கண் கலங்கியிருந்தது. நான் தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொடுத்தேன்.

உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலையில் பேருந்துகள் சாப்பாட்டுக்கு நிற்கும் ஓட்டலில், வாசலோரம் ஒரு சுழலும் கம்பி ஸ்டாண்டு உண்டு. சமையல் குறிப்பு, ஜோக்கு, ராசி பலன் எல்லாம் தொங்கும். அந்த ஸ்டாண்டுக்காரர் மட்டும், பிளாஸ்டிக் உறை போட்டுக் கொடுத்தால் வைக்கிறேன் என்றார். இவர் உறை போட்டுக் கொடுத்தார். அதோடு வந்திருக்கலாம். அங்கேயே நின்றார். நாள் முழுக்க, வருகிற பேருந்திலிருந்து இறங்குகிற பெண்கள் முகத்தையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றார். யாரோ ஒருத்தி, "வயசான காலத்துல இன்னா பார்வ?" என்று செருப்பைக் கழற்றப் போனாள். ஸ்டாண்டுக்காரர் புத்தகங்களைத் திருப்பிக் கையில் கொடுத்து, இனிமேல் இந்தப் பக்கம் வராதீர்கள் என்று சொல்லிவிட்டார்.

அடுத்ததாக ஒரு நாள் சென்னையிலிருந்து எனக்குப் போன் வந்தது. முன்பு அவரைத் திருப்பி அனுப்பிய அதே பெரிய கடை.

"கள்ளக்குறிச்சியில புக்ஸ்டால் வெச்சிருக்கறது நீங்கதானே? இங்க ஒரு பெரியவரு இருக்காரு, உங்க நம்பரைக் குடுத்தாரு. அவர் கையில இருக்கற புக்கு எங்க ஸ்டாக்லயே இல்ல."

"எடுத்துக்கினு வெளிய போனாரா?"

"அதான் மேடம் புரியல. வெளியில இருந்து எடுத்துட்டு வந்து உள்ள வைக்கிறாரு. கேமராவுல பாத்தோம். எல்லா ரேக்குலயும் வெச்சிருக்காரு. இதுக்கு என்ன பண்றதுன்னு எங்களுக்குத் தெரியல."

போனை அவரிடம் கொடுக்கச் சொன்னேன். மூச்சு வாங்கியது அவருக்கு. "திருடலம்மா, வெச்சேன். வெச்சதுக்குப் புடிச்சி ஒக்கார வெச்சிட்டாங்க," என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. மேனேஜரிடம் நான் கெஞ்சினேன். ஒரு பிரதியையாவது, ஒரே ஒரு மாதத்துக்காவது விட்டுவையுங்கள் என்றேன். கம்ப்யூட்டரில் இல்லாத புத்தகத்துக்கு பில் போட முடியாது, யாராவது எடுத்து வந்தால் நாங்கள்தான் மாட்டுவோம் என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான். எல்லா ரேக்கிலிருந்தும் எடுத்துப் பையில் போட்டு அனுப்பிவிட்டார்கள்.

வருஷா வருஷம் பள்ளி திறக்கும்போது வெள்ளிமலைப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு நோட்டு ஏற்றிக்கொண்டு போவேன். அந்த வருஷம் அவரும் வண்டியில் ஏறிக்கொண்டார். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏற ஆரம்பித்ததும் பேச்சை நிறுத்திவிட்டார். நோட்டை இறக்கிய பிறகு, "அந்தப் பையன் வூடு இங்கதான். நீங்களும் கூட வாங்கம்மா, தனியா போவ மொகம் இல்ல," என்றார். போனேன். பையனின் அம்மா வாசலில் சாமை புடைத்துக்கொண்டிருந்தார். அடையாளம் தெரிந்ததும் முறத்தைக் கீழே வைத்தார்.

"இன்னாத்துக்கு வந்த?"

"எம்பொண்ணு எங்க கீறான்னு..."

"உம்பொண்ணுதான் செத்துட்டாளே. நீதான ஒட்டின."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அந்த அம்மா விடவில்லை. "தோ, அந்தக் கம்பத்துலதான் ஒட்டிட்டுப் போன. எம்மருமவ தண்ணிக்கிப் போவறப்ப அத பாத்துட்டா. தம்மூஞ்சியத் தானே பாத்துக்கினு நின்னா. மறுநா காலம்பர ரெண்டு பேரும் பஸ் ஏறிட்டாங்க. உனக்குப் பொண்ணு போனா, எனக்கு எம்மவன் போனான். நான் இன்னா பாவம் பண்ணேன்?"

அவர் பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து நீட்டினார். "இத மட்டும் அவகிட்ட சேத்துடும்மா. வேற ஒண்ணும் வேணாம்."

"எங்க கீறாங்கன்னு எனக்குத் தெரிஞ்சா நான் ஏன் இங்க ஒக்காந்துக்கினு கீறேன்? அவனாத் தோணினா போன் பண்ணுவான். ஒவ்வொரு வாட்டியும் ஒரு நம்பரு. கொயந்த பொறந்திருக்குதும்மான்னான் ஒரு வாட்டி. பையனா பொண்ணான்னு கேக்கறதுக்குள்ள சிக்னலு போய்டுச்சி. அதுக்கப்பறம் போனே வரல. இன்ன வரைக்கும் எனக்குத் தெரியாது." அந்த அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். புத்தகத்தை வாங்கவில்லை.

மலை இறங்கும்போது வண்டியில் அவர் ஒரே ஒரு வார்த்தைதான் பேசினார். "கொயந்த," என்றார். கோமுகி அணை தாண்டுகிறவரை அதையே சொல்லிக்கொண்டு வந்தார்.

அன்று சாயங்காலமே கடையில் சண்டை. புத்தகத்தைக் குழந்தைகள் ரேக்குக்கு மாற்ற வேண்டும் என்றார். இது நரிக் கதை, சின்னப் பிள்ளைகள் பக்கம் வைக்கிறேன் என்று நான் முன்பு சொன்னபோது, "அவ அங்கல்லாம் பாக்க மாட்டா, பெரிய பொண்ணு," என்று என்னோடு மல்லுக்கு நின்றவர். "இப்ப கொயந்தையோட வந்தா மொதல்ல அங்கதானேம்மா போவா?" என்றார். மாற்றினேன். மறுநாள் காலையில் கடை திறக்கும் முன்பே வாசலில் நின்றார். "கொயந்தய வூட்ல வுட்டுட்டு வந்தா?" என்றார். கடைசியில் குழந்தைகள் ரேக்கில் ஒன்று, பின் அலமாரியில் ஒன்று என்று முடிவாயிற்று. இரண்டும் அட்டை தெரிகிற மாதிரி. என் வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

அவள் வந்தது ஒரு மத்தியான வேளையில். கடையில் யாரும் இல்லை. கையில் ஒரு குழந்தை, தோளில் ஒரு பெரிய பை. முதலில் எனக்குத் தெரியவில்லை, முகம் வற்றியிருந்தது. குழந்தைக்குக் கலர் பென்சில் கேட்டாள். நான் எடுத்துக்கொண்டிருந்தபோது அவள் பழக்க தோஷத்தில் பின் அலமாரிப் பக்கம் போனாள். அங்கே நின்றுவிட்டாள். அப்படி அவள் நின்றதைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. ஆண்டவரே என்று வாயைப் பொத்திக்கொண்டேன்.

குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, நின்றபடியே முழுவதையும் படித்தாள். பக்கம் புரளும் சத்தம் எனக்குக் கேட்டது. குழந்தை ஒரு முறை சிணுங்கியது. இடுப்பை ஆட்டிக்கொண்டே படித்தாள். கடைசிப் பக்கத்தில் ரொம்ப நேரம் நின்றாள்.

"எடுத்துக்கம்மா," என்றேன். "காசு வேணாம். உனக்காகத்தான் அது."

"வேணாங்கா. தெரிஞ்ச கததான்." அவள் குரல் மாறவே இல்லை. "கடசி மட்டுந்தான் தெரியாம இருந்திச்சி. பாத்துட்டேன்."

"அவரு வாரம் தவறாம வராரும்மா. நாளைக்கோ மறுநாளோ வருவாரு. ஒரே ஒரு வாட்டி..."

"அம்மா போனது எனக்குத் தெரியுங்கா. தெரிஞ்சும் எப்பிடி வரது? செத்தவ எப்பிடி வருவா?" என்றாள். அழவில்லை. எனக்குத்தான் அழுகை வந்தது. புத்தகத்தை அலமாரியில் வைத்தாள். அட்டை சுவரைப் பார்க்கிற மாதிரித் திருப்பி வைத்தாள். பென்சிலுக்குக் காசு கொடுத்தாள். "நான் வந்தன்னு சொல்லிடாதீங்கக்கா," என்றாள். வாசலில் குழந்தையின் தலையைத் துணியால் மூடிக்கொண்டு வெயிலில் இறங்கினாள். நான் பின்னாலேயே ஓடிப்போய்க் கையைப் பிடித்து நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

அந்தப் புத்தகத்தைத் திருப்பி வைக்கப் பல முறை எழுந்தேன். கை வைக்க மனம் வரவில்லை.

அவர் வந்தார். துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "யாராச்சும் எடுத்துப் பாத்தாங்களாம்மா?" என்றார்.

பொய் சொல்லியிருக்கலாம். இல்லை என்ற ஒரு சொல்தான். நான் பேனா டப்பாவை அடுக்க ஆரம்பித்தேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு வழக்கம் போலப் பின் அலமாரிக்குப் போனார்.

வெறுமனே எடுத்துப் பார்க்கிறவர்கள் முதுகு தெரிய வைப்பார்கள், படுக்க வைப்பார்கள், தலைகீழாக வைப்பார்கள். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி, ஓரத்தோடு ஓரம் சேர்த்து, இவ்வளவு கவனமாக யாரும் வைக்க மாட்டார்கள். எத்தனையோ வாரங்களாக அந்தப் புத்தகத்தைத் திருப்பித் திருப்பி வைத்தவருக்கு அது தெரியாமல் இருக்குமா? வலது கை தானாக அதன் மேல் போனது. அட்டையின் ஓரத்தைத் தொட்டது. அங்கேயே நின்றது. தோள்கள் குலுங்குவதை நான் பின்னால் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

நெடுநேரம் கழித்து, திரும்பாமலே கேட்டார்.

"பையனா, பொண்ணாம்மா?"

வந்ததைச் சொல்லக் கூடாது என்றுதான் அவள் சொன்னாள். குழந்தையைப் பற்றி அவள் எதுவும் சொல்லவில்லை.

"பொண்ணு சார்," என்றேன். "சுருட்ட முடி."

அவர் தலையை ஆட்டினார். கையை அட்டையிலிருந்து எடுத்துக்கொண்டார். "மலையில அந்தம்மாவுக்கு மட்டும் ஒரு வார்த்த சொல்லி அனுப்புங்க. அவங்களுக்கும் தெரியாது பாவம்."

நான் எழுந்து போய், "திருப்பி வைக்கட்டுமா சார்?" என்றேன்.

"வேணாம்மா. அவ வெச்ச மாரியே இருக்கட்டும்."

எப்போது வந்தாள், எந்தப் பேருந்தில் ஏறினாள் என்று கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்டால் சொல்லிவிடுவேன் என்று எனக்கே பயமாக இருந்தது. அவர் கேட்கவில்லை. குழந்தைகள் ரேக்கில் இருந்த இன்னொரு பிரதியை எடுத்துத் துணிப்பையில் போட்டுக்கொண்டார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டார். சந்து முனையில் பேருந்துகள் புறப்படும் சத்தம் கேட்டது. அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்காமல், எதிர்ப்பக்கமாக நடந்து போனார்.